விஷமம்: இல்லை

இப்போதெல்லாம் மூளையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசுகிறார்கள். வாரப் பத்திரிகையில் பச்சையும் சிவப்புமாக மூளைப் படம் போட்டு, மனச்சோர்வு வந்தால் எந்த இடம் மங்கும், ஞாபகம் அழிகிற நோய் வந்தால் எந்த இடம் சுருங்கும் என்று அம்புக்குறி இழுத்துக் காட்டுகிறார்கள். போன மாதம் என் அண்ணன் மகள் அப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டி, "அத்தை, இதப் படிச்சீங்களா? ரெண்டு நோயும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்குமாமுங்க" என்றாள். பக்கத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதை நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எழுபதுகளில் என் அம்மாவின் தலைக்குள் காற்றை ஏற்றிப் படம் எடுத்தார்கள். அப்போது அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கஞ்சிக்கோட்டிலிருந்து உள்ளே போகிற மண்சாலையில் இருக்கிறது. கேரளத்தில் இருக்கிறோம் என்பது ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். அப்பாவுக்கு மலையாளம் தாலுக்கா ஆபீஸ் அளவுக்குத் தெரியும். நிலவரியைக் கரம் என்பார், பட்டா மாற்றுவதைப் போக்குவரவு என்பார். அதற்கு மேல் ஒரு சொல் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். எனக்கு நன்றாகவே தெரியும். பாலக்காட்டில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாஷையும் தெரிந்தவள் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஓர் ஆடி மாதத்தில் தொடங்கியது. உலையை ஏற்றிவிட்டு அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். சோறு கருகுகிற வாசம் தெருவுக்கு வரும், அவளுக்கு வராது. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், சொல்லாவிட்டால் இல்லை. எதைக் கேட்டாலும் வெகுநேரம் கழித்து, "தெரீல" என்பாள். இன்றைக்கு என்ன கிழமை? தெரீல. உப்புப் போட்டாயிற்றா? தெரீல. விடியுமுன் எழுந்து களத்தில் போய் நிற்பாள். தின்பது பாதியாகி, கையிலிருந்த வளையல்கள் தானாகக் கழன்று விழுகிற அளவுக்கு வற்றிப்போனாள். அழவே இல்லை. அழுதிருந்தால் யாருக்காவது புரிந்திருக்கும்.

ஏன் இப்படி என்று ஊரே தோண்டியது. யாரும் சாகவில்லை, கிணறு வற்றவில்லை, அண்ணனுக்குக் கல்யாணமாகி மருமகளும் வந்தாயிற்று. காரணமே இல்லாமல் ஒரு மனுஷி இப்படி வாடுவாள் என்பதை எங்கள் ஊரில் ஒருவரும் நம்பத் தயாரில்லை. திருஷ்டி கழித்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒரு வழி சொன்னார். மேற்கே பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் ஒரு பெரிய ஆசுபத்திரி இருக்கிறது. வயதாகும் முன்பே புத்தி மங்கிப்போகிறவர்களைப் பற்றி அங்கே ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார். கொண்டுபோனால் நன்றாகப் பார்ப்பார் என்றார். அப்பாவும் நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். கத்திப் பேசாதவர், சட்டைக் கை மடிப்புக் கலையாதவர். அவர் அறையில் ஒரு மர அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளில் மூளைகள். சாம்பல் நிறத்தில், உப்பில் ஊறின நார்த்தங்காய் மாதிரி மடிந்து கிடந்தன. கண்ணைக் கரிக்கிற மருந்து நெடி. நோயாளிகளை உட்காரவைக்கிற பெஞ்சு அந்த அலமாரிக்கு நேர் எதிரே போட்டிருந்தது. வருகிறவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள் என்று அந்த மனிதருக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லையா? அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் மலையாளத்தில் கேள்வி கேட்டார். பதில் சொன்னது அப்பா. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்கிறவர் புருஷன். அவளுக்கு வயிற்றுவலி என்றால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சொல்வார். அம்மாவின் தூக்கம், அம்மாவின் பசி, அம்மாவின் மாதவிலக்கு நின்ற வருஷம் எல்லாவற்றையும் அப்பாவே சொன்னார். வருஷத்தைத் தப்பாகச் சொன்னார்.

"சம்சாரம் குறவாணோ?" என்றார் டாக்டர். பேச்சு குறைந்துவிட்டதா என்று கேட்கிறார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சம்சாரம் எனக்கு ஒன்னுதானுங்க. இதா, இவதானுங்க."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் தொட்டுக் காட்டி, பேச்சு, பேச்சு என்றார். அப்பா அசடு வழிந்து, "ஓ, அதுங்களா. பேச்சு நின்னு ஆறு மாசமாச்சுங்க" என்றார். நான் தாவணி நுனியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"அம்மைக்கு விஷமம் வல்லதும் உண்டோ?"

மலையாளத்தில் விஷமம் என்றால் மனத்துயரம். மனசுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேட்கிறார். நமக்கு விஷமம் என்றால் குறும்பு, வேண்டாத வேலை. வயசுப் பெண்ணையோ வீட்டுப் பெண்ணையோ பற்றிக் கேட்டால் அதற்கு இன்னும் மோசமான அர்த்தம். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

"விசமமா? எங்கூட்டுப் பொம்பளைக்கா? என்னுங்க இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? கட்டிட்டு வந்த முப்பது வருசத்துல ஒரு விசமமும் கெடையாதுங்க. ஊர்ல ஆர வேண்ணாலும் கேட்டுப் பாருங்க."

"விஷமம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினார். முதல் தப்பு பதில் பொருந்தாததால் பிடிபட்டது. இந்தப் பதில் கச்சிதமாகப் பொருந்தியது. அங்கே இருந்தவர்களில் இரண்டு பக்கமும் புரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தரம் தாவணி நுனியெல்லாம் போதவில்லை, சத்தமாகவே வந்துவிட்டது. அம்மா வாயை லேசாகத் திறந்தபடி என் பக்கம் திரும்பினாள். கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு விடுதிக்குத் திரும்பியதும் இதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அப்பாவின் காது சிவந்ததையும் சேர்த்து. என் அறையில் கல்பாத்தி அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கட்டிலில் புரண்டு, "போறும்டி, வயிறு வலிக்கறது, இன்னொரு வாட்டி சொல்லேன்" என்றாள். இன்னொரு வாட்டி சொன்னேன். அந்த வருஷம் முழுக்கச் சொன்னேன். என் சொந்த அம்மாவின் வியாதியை வைத்து நான் அந்த விடுதியில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்த முகத்தை இன்றைக்குக் கண்ணாடியில் பார்க்க நேர்ந்தால் துப்புவேன்.

அன்றைக்கே அம்மாவை ஆசுபத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள், நானும் துணைக்கு இருந்தேன். மூன்றாம் நாள் மூளையைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். இன்றைக்குப் போல ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து எடுப்பதில்லை. நடுமுதுகுக்குக் கீழே முதுகெலும்பு இடுக்கில் ஊசி குத்தி, அங்கே இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை அடைப்பார்கள். காற்று மேலே ஏறி மூளைக்குள் இருக்கும் குழிகளில் போய் நிற்கும். அப்போது எக்ஸ்ரே எடுத்தால் காற்று நின்ற இடம் கறுப்பாகத் தெரியும். குழி பெரிதாக இருந்தால் மூளை சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு வழி இல்லாத காலம்.

ஆனால் அதைச் செய்த விதம் இருக்கிறதே. நர்சுக்குத் தமிழ் தெரியாது என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவை ஒரு நாற்காலியில் வாரால் கட்டியிருந்தார்கள். ரவிக்கையை அவிழ்த்து முதுகைத் திறந்து போட்டிருந்தார்கள். அந்த அறையில் ஆறு ஆண்கள், எல்லோரும் படிக்க வந்தவர்கள். ஒருவன் சுவரில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். "ஆட வேண்டாம்னு சொல்லு" என்றார் டாக்டர். நான் அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆடாதீங்கம்மா, ஆடாதீங்கம்மா" என்றேன். காற்று ஏற ஏற அவள் பல் கிட்டித்துக்கொண்டது. பிறகு வாந்தி. என் கையிலும் தாவணியிலும் அவள் மடியிலும். நர்சு பீங்கான் தட்டைக் காலால் தள்ளிவிட்டாள். வாழைப்பழக்காரன் தோலை அந்தத் தட்டிலேயே போட்டான். நான்கு நாள் அம்மாவால் தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கினால் வாந்தி, படுத்தால் முனகல். அந்த வார்டின் பினாயில் வாசமும் புளித்த வாந்தி வாசமும் கலந்தது இன்றைக்கும் எங்காவது ஆசுபத்திரி வராந்தாவில் மூக்கில் ஏறினால் நான் வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் எங்களுக்குக் காட்டினார். குழிகள் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றனவாம். ஞாபகம் போயிருக்கிறது, பேச்சு போயிருக்கிறது, மனத்துயரம் என்று ஒன்றும் இல்லை; ஆகவே இது மூளை அழிகிற நோய்தான் என்றார். மருந்து கிடையாது, இனி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அடுத்த மூச்சில், அலமாரியைக் கையால் காட்டி, அம்மாவின் காலத்துக்குப் பிறகு ஒரு தகவல் கொடுத்தால் நன்றாக இருக்கும், படிப்புக்கு உதவும் என்றார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா வெகுநேரம் ஜாடிகளையே பார்த்தார். "தலையில்லாம எப்பிடிங்க எடுத்துட்டுப் போறது?" என்றார். அதற்கு மட்டும் டாக்டர், தலை இருக்கும், உள்ளே இருப்பதை மட்டும் எடுப்போம் என்று நிதானமாக விளக்கினார்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததுதான் இதைவிட அசிங்கம். எங்கள் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு ங்க வரும். அதைப் போடாமல் பேசினால் அடித்ததற்குச் சமம். அம்மா அதில் எல்லோரையும் மிஞ்சியவள். தொட்டில் பிள்ளையைக்கூட "தூங்குங்க சாமி" என்பாள். என்னை ஐந்து வயசு வரைக்கும் "தின்னுங்க அம்மிணி, தின்னுங்க" என்றுதான் ஊட்டினாளாம். மூளை சுருங்கிவிட்டது என்ற செய்தி வந்த ஒரு மாதத்துக்குள் அந்த ங்க அவளுக்கு நின்றுபோனது. "அத்தை, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி, தட்டை நகர்த்திவைத்து "இந்தா, தின்னு" என்றாள். அண்ணியை மட்டும் சொல்லி என்ன பயன்? ஒரு விடுமுறையில் சீப்பை நீட்டி, "புடி, தலையச் சீவு" என்று நானே சொன்னேன். சொன்னபோது நாக்கு கூசவே இல்லை.

ஒறம்பரை வேறு வந்து குவிந்தது. எட்டின சொந்தம், கிட்டின சொந்தம், எல்லோரும் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அம்மாவின் முன்னால் குந்திக்கொண்டு, "நா ஆரு சொல்லு பாக்கலாம்?" என்பார்கள். இரண்டு விரலை நீட்டி, "இது எத்தனை?" என்பார்கள். அவள் பேசாமல் இருந்தால் சுற்றி இருப்பவர்களைத் திரும்பிப் பார்த்து, "ம்ஹூம், சுத்தமாப் போச்சு" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பலகாரம் தின்பார்கள். அவள் எதிரிலேயே அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சும் நடந்தது. அப்பா அதற்கு மட்டும் எழுந்து போய்விட்டார், அந்த மட்டில் அவரை விட்டுவிடுகிறேன்.

மூளைக்கு மூளை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு மூளை. மிளகு போட்டுப் பிரட்டி, அம்மாவின் கன்னத்தை அழுத்தி வாயில் திணிப்பார்கள். அவள் விழுங்காமல் அடக்கி வைத்துக்கொண்டிருப்பாள். வாயோரத்தில் வெள்ளையாக ஒழுகும். அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் வாயில் வாராவாரம் மூளையைத் திணித்தோம். பிரியத்தோடு திணித்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. படிப்பு முடிந்து வீட்டோடு இருந்தேன். ஒரு நாள் காலை அப்பா, செவலைப் பசுவை மேய்ச்சலுக்கு ஓட்டச் சொல்லிக் களத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, யாரையும் பார்க்காமல், "செவலைக்கு நாள் ஆச்சு. இன்னிக்கோ நாளைக்கோ கன்னுப் போடும். கட்டியே போடுங்க" என்றாள். அப்புறம் பழையபடி வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் செவலை கன்று போட்டது. சினை பிடித்த நாளை வீட்டில் வேறு ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. மூளை அழிந்துபோன மனுஷி ஒன்பது மாதக் கணக்கை எங்கே வைத்திருந்தாள்? அந்த ஒன்பது மாதமும் அந்த நோய்க்குள்ளேதான் இருந்தாள்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "பெரிய டாக்டரே படமெடுத்துச் சொல்லிப்போட்டாரு. இன்னி என்ன?" என்றார் அப்பா. தலையில் கரண்டு வைத்துவிடுவார்கள் என்று அண்ணன் பயந்தான். நான் யாரையும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் புடவை மாற்றிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கஞ்சிக்கோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள், "என்னத்துக்கு அம்மிணி? எனக்குத்தான் மூள சுருங்கிப் போச்சே" என்றாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோயமுத்தூர் டாக்டர் வயசானவர், கடுகடுத்தவர். நான் கதையைத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார். "உங்களை நான் கேக்கலையே. வெளிய இருங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அம்மா அழுகிற சத்தம் கேட்டது. மாடு கத்துவது போல, வெட்கமில்லாமல், அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. எனக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் சலித்துக்கொள்கிற வரைக்கும் அது நிற்கவில்லை.

என்னை உள்ளே கூப்பிட்டபோது டாக்டர், நான் கொண்டுபோயிருந்த பழைய எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அளவு குழி என் தலையிலயும் இருக்கும்" என்றார். இது மூளை தேய்கிற நோய் இல்லை, மனச்சோர்வு. அது முற்றினால் ஞாபகம், பேச்சு, கணக்கு எல்லாவற்றையும் அமுக்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேஷம் போடும் என்று சொன்னார். மூளைக்குள் ஏதோ சரக்கு குறைகிறது, அதை ஏற்ற மாத்திரை இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது, ஆனால் செய்கிறது என்றார். மாத்திரை கேட்காவிட்டால் கரண்டு வைக்கலாம் என்றும் சொன்னார். "வாய் காயும், மலம் கட்டும். மூணு வாரம் ஒரு மாத்தமும் தெரியாது. நிறுத்திராதீங்க. ஒரு கேள்வி, மனசு எப்படி இருக்குன்னு இவங்களை யாருமே கேக்கலையா?"

மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு எழுந்தேன்.

மூன்று வாரமும் போய் நாலாவது ஞாயிற்றுக்கிழமை. அண்ணி ஆட்டு மூளைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா தட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "இந்தக் கருமத்த இன்னிமேலு எந்தட்டுல போடாதீங்க. கொமட்டுது" என்றாள். அண்ணி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அடுத்த வாரம் அம்மா குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று குறை சொன்னாள். இரண்டு மாதத்தில் களத்துக்கு இறங்கினாள். யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் வந்தது. முன்பு விரல் காட்டியவர்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மேற்கத்தி டாக்டர் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும், இதோ பார் உன் ஜாடிக்குக் கேட்ட மூளை, நடந்து வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது மலையாளத்தில் என்னென்ன கேட்பது என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. அவளை மறுபடியும் அந்தப் பெஞ்சில், அந்த அலமாரிக்கு எதிரே கொண்டுபோய் உட்காரவைத்தவள் நான்.

டாக்டருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது எழுந்து நின்றுவிட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அம்மா தடையில்லாமல் இறங்கினாள். அவருக்குச் சந்தோஷம்தான், அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. "இவங்களையும் சேர்த்த கட்டுரை அச்சுக்குப் போய்விட்டதே" என்றார் தனக்குத் தானே. நான் மனப்பாடம் செய்ததை எல்லாம் கொட்டினேன். ஒரு மனுஷியின் மனசைக் கேட்காமலே மூளையைப் படம் எடுத்தீர்களே, வெட்கமாக இல்லையா என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்து, தேடி, அம்மாவின் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஞான் சோதிச்சதாணல்லோ" என்றார். நான் கேட்டேனே என்று.

விஷமம்: இல்லை. அவர் கையெழுத்தில் இருந்தது. அதற்கு மேலே, தாளின் தலைப்பில், தகவல் தந்தவர்கள் யார் என்று எழுதுகிற ஒரு வரி. கணவர், மகள். மகள் கல்லூரியில் படிப்பவள், மலையாளம் அறிந்தவள். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: நம்பத்தக்கவர்கள்.

தாளை மறுபடியும் அவர் பக்கமே திருப்பி வைத்தேன். அம்மாதான் எழுந்து, "போலாம் அம்மிணி, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். வழியில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு டாக்டர் கேட்ட ஒரு வார்த்தையை அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார், மலையாளத்தில் அதற்கு வேறு அர்த்தம் என்று தொடங்கினேன். உனக்குத் தெரிந்திருக்காது என்ற மாதிரி விளக்கினேன்.

"தெரியும்" என்றாள் அம்மா.

கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடவுக்கு மேக்க இருந்து வர்ற பொம்பளைங்க எத்தனை பேரு வரப்புல எம் பக்கத்துல உக்காந்து விஷமம் விஷமம்னு அழுதிருக்காங்க. எனக்குத் தெரியாதா? நம்ம விசனம்னு சொல்றமல்ல, அதேதான். டாக்டரு கேட்டது விசனம். உங்கப்பங் காதுல உளுந்தது விசமம். ஒரு எழுத்துதான்."

நான் அவள் மடியில் கிடந்த தோலைப் பொறுக்கினேன்.

"ஆறு மாசமா ஆராவது கேப்பாங்களான்னு இருந்தேன் அம்மிணி. அன்னைக்குத்தான் கேட்டாரு. சொல்லீரலாம்னு வாயத் தொறந்தேன். உங்கப்பா என்னமோ சொன்னாரு, அது போகுது. நீ சிரிச்சே." ஒரு தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டாள். "பெத்த புள்ளைக்கே சிரிப்பா இருக்குது, இன்னி ஆருகிட்டச் சொல்றதுன்னு மூடிக்கிட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். இல்லை. புளி தூக்கல் என்று சொல்வாளே, அதே குரல். என் மேல் எனக்கு வந்த அருவருப்பில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் உரித்து வைத்திருந்த பருப்பையெல்லாம் என் உள்ளங்கையை விரித்து அதில் கொட்டினாள்.

"தின்னுங்க அம்மிணி" என்றாள்.

ஒவ்வொன்றாகத் தின்றேன்.